ரசிகர் படங்கள் ஏன் இவ்வளவு நீளம்?

விண்கலம் திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு நகர்கிறது. மெதுவாக, மிக மெதுவாக. சரி, கதை தொடங்கப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் அதே கலம் இப்போது கீழிருந்து மேலாக இன்னொரு முறை நகர்கிறது. அப்புறம் கட்டுப்பாட்டு அறையில் ஆறேழு அதிகாரிகள் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பி ஆளுக்கொரு வரி பேசுகிறார்கள். அவர்களில் பாதிப் பேரைப் படம் முடியும்வரை மறுபடி பார்ப்பதில்லை. ரசிகர்கள் கைக்காசைப் போட்டு எடுக்கும் அறிவியல் புனைகதைப் படங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் பழகிய காட்சி. இவை ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டால் வரும் பதிலும் பழகியதுதான்: அமெச்சூர்கள், எங்கே வெட்டுவது என்று தெரியாது. இந்தப் பதில் எனக்கு ஒருபோதும் ஒத்துவந்ததில்லை. இந்தப் படங்களில் வேலை செய்பவர்களை அடுத்தவர் எடுத்த படத்தின் முன் உட்காரவைத்துப் பாருங்கள். எந்த ஷாட் எத்தனை நொடி அதிகம் என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். வெட்டத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தும் சொந்தப் படத்தில் வெட்டாமல் விடுகிறார்கள். அது ஏன் என்ற உறுத்தல் வெகுநாள் இருந்தது. அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரான ஸ்டார் ட்ரெக்கின் உலகத்தில் நடக்கும் ஒரு குறும்படத்துக்குத் தயாரிப்பு வேலை பார்க்கப்போய்த்தான் எனக்கு ஒரு விடை கிடைத்தது.

தயாரிப்பு வேலை என்றதும் பெட்டியைத் திறந்து பணம் கொடுக்கும் ஆளை நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்துப் பேருடைய விடுமுறை நாட்களை ஒன்றோடொன்று பொருத்துவது, எந்தச் சீருடை யார் வீட்டில் இருக்கிறது என்று கணக்கு வைப்பது, எடுத்ததையெல்லாம் உடனே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுப்பது, கோபித்துக்கொண்டு போனவரை வீட்டில் போய்ப் பார்ப்பது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் அதிக நேரம் போனது.

ஐந்து நொடிக்கு இருபது மணி நேரம்

பெரிய ஆசையோடு தொடங்கும் ரசிகர் படங்களில் திரைக்கதைக்கு முன்பே கலம் தயாராகிவிடும். எங்களுடையதும் அப்படித்தான். குழுவில் முதலில் சேர்ந்தவரே கலத்தின் முப்பரிமாண மாடலைச் செய்தவர். அவர் கம்ப்யூட்டரில் அது ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது. கதையை அதைச் சுற்றித்தான் எழுதினோம். மேல்தட்டின் ஒவ்வொரு பலகையும், ஒவ்வொரு ஜன்னல் வரிசையும் எந்தக் காலத்துக் கலத்துக்கு உரியது என்று அவருக்கு மனப்பாடம். பார்க்கப்போகிறவர்களுக்கும் மனப்பாடம். அதுதான் சிக்கலே. இரவல் உலகத்தில் கதை சொன்னால் எதையும் விளக்க வேண்டாம். சீருடையின் நிறத்தைப் பார்த்ததும் யார் மருத்துவர், யார் பொறியாளர் என்று ரசிகருக்குப் புரிந்துவிடும். அதற்கு விலையாக, ஒரு ஜன்னல் குறைந்தாலும் அவர் எண்ணிச் சொல்லிவிடுவார்.

மாடல் செய்தது பிளெண்டரில். முப்பரிமாண மாடல் செய்யும் மென்பொருள் அது; 2002-ல் பயனர்கள் சேர்ந்து 1,00,000 யூரோ திரட்டி, யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி அதற்கு விடுதலை வாங்கிக் கொடுத்தார்கள். அன்று அந்தப் பணம் சேராமல் போயிருந்தால் இன்றைக்கு நாம் பார்க்கும் ரசிகர் படங்கள் பலவற்றில் கலமே இருந்திருக்காது என்று நினைக்கிறேன். மென்பொருள் இலவசம், சரி. நேரம் இலவசமில்லை. ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். ஐந்து நொடி ஷாட் என்றால் 120. ஒரு ஃப்ரேம் ரெண்டர் ஆக, அதாவது கம்ப்யூட்டர் மாடலைக் கணக்கிட்டு முழுப் படமாக்க, பத்து நிமிடம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 20 மணி நேரம், வேறெந்த வேலைக்கும் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட முடியாது. முடிந்ததும் போட்டுப் பார்க்கிறோம். இன்ஜினின் நீல ஒளி கலத்தின் அடிப்பக்கத்தில் விழவில்லை. மறுபடி 20 மணி நேரம்.

படப்பிடிப்பிலும் இதே கதைதான். பச்சைத் துணியைச் சுவரில் கட்டியதும், பிறகு நீக்கிவிட்டு வேறு பின்னணி வைக்கும் கிரீன் ஸ்கிரீன் ஆகிவிடாது. சுருக்கம் இருந்தால் நிழல் விழும், நிழல் விழுந்தால் பச்சை இரண்டு மூன்று பச்சையாகப் பிரியும். நடிகர் துணிக்கு அருகில் நின்றால் அதன் பச்சை அவர் தோளிலும் தலைமுடி ஓரத்திலும் ஏறிக்கொள்ளும். சாதாரண கேமராக்கள் இடத்தை மிச்சப்படுத்த நான்கு பிக்செல்களுக்கு ஒரே நிறத் தகவலைப் பதிவுசெய்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது, பின்னணியை நீக்கும்போது காதோரம் பல் பல்லாக வரும். அங்கே மென்பொருள் கைவிரித்துவிடும். பிறகு ஒருவர் உட்கார்ந்து ஃப்ரேம் ஃப்ரேமாகக் கையால் ஓரம் வரைய வேண்டும். எங்கள் படத்தில் அதைச் செய்தவர் வேலை முடித்துவிட்டு ராத்திரி நேரங்களில்தான் செய்தார். அவர் வேலை சரியாக இருந்தால் அப்படியொரு வேலை நடந்ததே யாருக்கும் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

கட்டுப்பாட்டுப் பலகையை ப்ளைவுட்டில் அடித்து, மேலே அக்ரிலிக் தகடு வைத்து, உள்ளே எல்இடி பட்டைகளை ஓட்டியிருந்தோம். நேரில் பார்க்க அற்புதம். கேமராவில் பார்த்தால் திரை முழுக்கக் கறுப்புக் கோடுகள் ஏறி இறங்கின. எல்இடியின் வெளிச்சத்தைக் குறைக்கும் கருவி உண்மையில் அதைக் குறைப்பதில்லை. அதிவேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகிறது. கண் ஏமாறும், ஷட்டர் ஏமாறாது. மின்வேலை பார்த்தவர் எல்லாவற்றையும் முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, அக்ரிலிக்குக்குப் பின்னால் ட்ரேசிங் பேப்பரை அடுக்கடுக்காக ஒட்டி வெளிச்சத்தைக் குறைத்தார். படத்தில் அந்தப் பலகை வரும் நேரத்தைக் கூட்டினால் ஒரு நிமிடம்கூடத் தேறாது.

ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் இவ்வளவு துல்லியமாகப் பார்த்துப் பார்த்து நகலெடுக்கும் அந்த 1960களின் தொடரே பணமில்லாமல் தவித்துத்தான் உருவானது. வாரம் ஒரு கிரகத்தில் கலத்தைத் தரையிறக்கிக் காட்டக் காசில்லை என்பதால்தான் ஆட்களை ஒளியாகக் கரைத்து அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் பிறந்தது. தானாகத் திறக்கும் கதவுகளைச் சுவருக்குப் பின்னால் நின்று ஆட்கள் இழுத்தார்கள். மருத்துவரின் கையிலிருந்த நவீனக் கருவிகளில் சில, உப்பு தூவும் குப்பிகள். அவர்கள் இல்லாமையில் கண்டுபிடித்ததை நாங்கள் இருப்பதையெல்லாம் கொட்டி அச்சு அசலாகச் செய்கிறோம்.

கூலி

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படங்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. அப்படியானால் எதற்கு வருகிறார்கள்? அந்த உலகத்தின் மேலுள்ள பிரியம், நண்பர்கள், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் ஆசை. எல்லாம் உண்மை. ஆனால் படம் முடிந்த பிறகு கையில் எடுத்துப்போக அவர்களுக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று: தான் செய்தது திரையில் தெரியும் நேரம். கூலி அதுதான். நாணயம் நொடி.

தொழில்முறைப் படத்தில் ஒரு ஷாட்டைத் தூக்கி எறிந்தால் அதைச் செய்தவருக்கு வருத்தம் இருக்கும், சம்பளம் வந்திருக்கும். இங்கே எடிட்டர் நான்கு நொடியை வெட்டினால் கதை இறுகுகிறது, அதே கையோடு ஒருவருடைய கூலியும் பிடிக்கப்படுகிறது. சொந்தச் செலவில் சீருடை தைத்துக்கொண்டு, நெடுந்தூரம் பயணம் செய்து வந்து, நாள் முழுக்க நின்று, ‘கேடயம் தயார், கேப்டன்’ என்று ஒரே ஒரு வரி பேசிவிட்டுப் போனவரிடம் அந்த வரி வேகத்தைக் குறைக்கிறது என்று யார் போய்ச் சொல்வது? சொல்ல முடியாமல்தான் படம் நீள்கிறது. கலம் இரண்டு முறை கடந்து போவது மாடல் செய்தவரின் கூலி. ஆளுக்கொரு வரி பேசும் அதிகாரிகள், ஆளுக்கொரு நாள் கூலி. இப்படிப் பார்க்க ஆரம்பித்த பிறகு ரசிகர் படங்களை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு நீண்ட ஷாட்டுக்கும் பின்னால் யாரோ ஒருவருக்குத் தர வேண்டியது தரப்பட்டுக்கொண்டிருக்கிறது.

பின்லாந்தில் ஒரு சிறு குழு ஏழு ஆண்டுகள் உழைத்து 2005-ல் இணையத்தில் இலவசமாக வெளியிட்ட ‘ஸ்டார் ரெக்: இன் த பிர்க்கினிங்’ படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்குள் நீலத் திரை கட்டி எடுத்த பகடிப் படம், நூறு நிமிடத்துக்கு மேல் ஓடும். பிற்பாதியில் வரும் விண்வெளிப் போர் முடிவேனா என்கிறது. ஆனால் ஏழு ஆண்டுகளை ஒரு போருக்குள் அடைத்தவர்களிடம் போய் ‘கொஞ்சம் சுருக்கியிருக்கலாம்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பதினைந்து நிமிடம்

வழக்கு விவகாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஆக்ஸனார்’ என்ற ஸ்டார் ட்ரெக் ரசிகர் படத்துக்காகப் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டப்பட்டது. 2015 டிசம்பரில் ஸ்டார் ட்ரெக்கின் உரிமையை வைத்திருந்த சிபிஎஸ், பாரமவுண்ட் நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017 ஜனவரியில் சமரசம். இடையில் 2016 ஜூனில் ஸ்டார் ட்ரெக் ரசிகர் படங்களுக்கான விதிகள் வெளியாயின. தனிக்கதை என்றால் 15 நிமிடத்துக்குள். இரண்டு பாகம் என்றால் மொத்தம் 30 நிமிடம். தொடர்ச்சி கூடாது. யாருக்கும் ஊதியம் கூடாது. திரட்டும் பணம் 50,000 டாலரைத் தாண்டக் கூடாது. கடையில் வாங்கிய சீருடையையோ பொருளையோ பயன்படுத்தினால் அது அதிகாரபூர்வமானதாக இருக்க வேண்டும், போலியாக இருக்கக் கூடாது.

ரசிகர்களுக்கு அதிகம் வலித்தது அந்த 15 நிமிடம்தான். நியாயமான வலி. அதற்கு முன் தொலைக்காட்சி அத்தியாயத்தின் முழு நீளத்துக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த குழுக்கள் இருந்தன. ‘ஸ்டார் ட்ரெக் கன்டின்யூஸ்’ 2017-ல் தன் பதினோராவது அத்தியாயத்தோடு கடையைக் கட்டியது. பழைய தொடரின் நடையையும் வெளிச்சத்தையும் அவ்வளவு அக்கறையோடு பிடித்தவர்கள் அவர்கள். அந்த மாதிரி வேலைக்கு இனி இடமில்லை என்பது இழப்புதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் தயாரிப்பு வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த விதி எனக்குப் பெரிய உபகாரம் செய்தது. எங்கள் முதல் கோர்வை 15 நிமிடத்தை எங்கேயோ தாண்டி நின்றது. வெட்ட வேண்டிய ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு வில்லன் தயாராக இருந்தான். ‘நாங்க என்ன பண்றது, விதி அப்படி.’ ஒரு வரி பேசிய அதிகாரிகள் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார்கள். சிலர் நிறுவனங்களைத் திட்டினார்கள், எங்களைத் திட்டவில்லை. ‘கேடயம் தயார்’ போனது. மருத்துவ அறைக் காட்சி முழுதாகப் போனது. மனக்கசப்பே இல்லாமல் படம் 15 நிமிடத்துக்குள் வந்து உட்கார்ந்தது. இனி வண்ணமும் ஒலியும் சேர்த்தால் முடிந்தது என்று நான் நினைத்திருந்தபோதுதான் எடிட்டர் என்னைக் கூப்பிட்டார். சண்டைக் காட்சி வேண்டாம் என்றார்.

சண்டை இல்லாத சண்டை

அவர் காரணமில்லாமல் சொல்லவில்லை. ரெண்டர் முடியாத ஷாட்டுகள் இருந்த இடத்தில் தொடக்கத்தில் சாம்பல் நிறக் கட்டைகளை வைத்து ஒப்பேற்றியிருந்தோம். ஏதோ ஒரு நாள் அந்தக் கட்டைகளையும் எடுத்துவிட்டு, கட்டுப்பாட்டு அறையை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார். கேப்டனின் முகம். மொத்தப் படத்திலும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் கலத்தின் ரீங்காரம் சட்டென்று நிற்கிறது. பலகையின் விளக்குகள் வரிசையாக அணைகின்றன. யாரோ மூச்சு வாங்குகிறார்கள். வெளியே என்ன நடக்கிறது என்று காட்டவேயில்லை. இரண்டு வடிவத்தையும் எனக்குப் போட்டுக் காட்டினார். நான் என்ன சொல்ல? காட்டாத வடிவத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காட்டும் வடிவத்தில் ‘ஆஹா, எவ்வளவு அழகான கலம்’ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது புதிய உத்தியும் இல்லை. 1966 டிசம்பரில் ஒளிபரப்பான ‘பேலன்ஸ் ஆஃப் டெரர்’ என்ற ஸ்டார் ட்ரெக் அத்தியாயம் நீர்மூழ்கிக் கப்பல் படங்களின் பாணியில் எழுதப்பட்டது. எதிரிக் கலம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துகொள்ளும். இரண்டு கேப்டன்களும் ஒருவர் அடுத்து என்ன செய்வார் என்று மற்றவர் யோசிப்பதுதான் சண்டையே. குழுவில் எல்லோருக்கும் அது மிகப் பிடித்த அத்தியாயம், மாடல் செய்தவருக்கும்தான்.

இயக்குநர், எடிட்டர், மாடல் செய்தவர், நான். நான்கு பேரும் உட்கார்ந்து இரண்டையும் பார்த்தோம். மாடல் செய்தவர் கத்துவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கத்தவில்லை. காட்டாத வடிவத்தை இன்னொரு முறை போடச் சொன்னார். பார்த்துவிட்டு, ‘இதுதாங்க நல்லாயிருக்கு’ என்றார். எடிட்டர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அப்புறம் மாடல் செய்தவர் கேட்டார்: ‘அப்போ இந்தப் படத்துல நான் என்ன செஞ்சேன்?’

டைட்டிலில் பெயர் வரும், வேறு ஷாட்டுகள் இருக்கின்றன என்றெல்லாம் இயக்குநர் சொல்லத் தொடங்கினார். அவர் கேட்டது அது இல்லை என்று அங்கிருந்த நால்வருக்கும் தெரியும். மிச்சமிருந்தவை கலம் தூரத்தில் புள்ளியாகத் தெரியும் ஓரிரு ஷாட்டுகள். அந்தச் சண்டைக்காகவே கலத்தின் உடைந்த பாகங்களைத் தனியாக மாடல் செய்திருந்தார். தகடு பிளந்து உள்ளே மூன்று தளங்கள் தெரியும்படி, அந்தத் தளங்களில் ஏணிகள்கூட இருந்தன. இத்தனைக்கும் இந்த முறை எனக்கு வில்லன் இல்லை. படம் 15 நிமிடத்துக்குள் வந்தாகிவிட்டது. சண்டையை வைத்தாலும் விதி எதுவும் சொல்லாது. வெட்டினால் வெட்டியது நாங்கள்.

சண்டையை வெட்டினோம். ஆனால் ஒரு ஷாட்டை வைத்துக்கொண்டோம். எல்லாம் முடிந்த பிறகு, உடைந்த கலம் மெதுவாகச் சுழன்றபடி மிதக்கிறது. கேமரா அந்தப் பிளவின் ஓரமாக, ஏணிகள் தெரியும் தூரத்தில் ஊர்ந்து போகிறது. எடிட்டர் அதைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். கதைக்குப் பாதியே போதும், அவர் சொன்னது சரி. முழுசாக இருக்கட்டும் என்றது நான்தான். படம் வெளியான பிறகு ‘அந்த ஷாட் கொஞ்சம் இழுவை’ என்று பலர் சொன்னார்கள். இழுவைதான். அந்த இழுவை யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும், அதில் ஒரு நொடியைக்கூடக் குறைக்க மாட்டேன்.

பச்சைத் திரையில் ராத்திரி ராத்திரியாகத் தலைமுடி ஓரம் வரைந்தவரை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, இந்தக் கணக்கில் அவர் எங்கே வருகிறார்? வரவேயில்லை. அவர் வேலைக்குத் திரை நேரம் என்று ஒன்று கிடையாது; இல்லாததுபோல் இருப்பதுதான் அதன் வெற்றி. ஒலி சேர்த்தவருக்கும் அதே கதி. கலத்தின் ரீங்காரம் நிற்கும் அந்தக் கணம் படத்தின் உச்சம், அதை உண்டாக்கியவர் அவர், பார்த்தவர்கள் பாராட்டியது நடிகரை. எவ்வளவு நீளமாகப் படம் எடுத்தாலும் இவர்களுக்குக் கூலி சேராது. படப்பிடிப்பின் பின்னணியைக் காட்டும் ஒரு வீடியோவில், பச்சைத் துணியோடும் துணியில்லாமலும் ஒரே ஷாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். அதை அவர் வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டியதாகச் சொன்னார். ஒலிக்கு அப்படி என்ன செய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வெட்டிய சண்டை வீணாகவில்லை. மாடல் செய்தவர் மிச்சமிருந்த ஷாட்டுகளையும் ரெண்டர் செய்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தனி வீடியோவாகக் கோத்து வெளியிட்டார். கதை இல்லை, வசனம் இல்லை, கலமும் வெடிப்பும்தான். எங்கள் படத்தைவிட அதை அதிகம் பேர் பார்த்தார்கள். எடிட்டருக்கு அதில் சிரிப்பு. எனக்குக் கொஞ்சம் பொறாமை.

விதிப்படி அந்தக் கதைக்குத் தொடர்ச்சி எடுக்க முடியாது. அடுத்தது யாருடைய உலகமும் வேண்டாம், சொந்தமாகவே ஒன்றைச் செய்வோம் என்று முடிவு செய்திருக்கிறோம். அதனால் நீளத்துக்கு வரம்பு விதிக்க வெளியாள் யாருமில்லை. மாடல் செய்தவர் வருகிறேன் என்கிறார், ஒரு நிபந்தனையோடு: எடிட்டிங் நடக்கும்போது பக்கத்தில் தனக்கும் ஒரு நாற்காலி வேண்டுமாம். எடிட்டரும் வருகிறேன் என்கிறார், அவருக்கும் ஒரு நிபந்தனை: முதல் ஷாட் எடுப்பதற்கு முன்பே படம் எத்தனை நிமிடம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பன்னிரண்டு என்கிறார். இவர் இருபதுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறார். கதை இன்னும் எழுதப்படவில்லை.